நடுவில் விட்ட இடம்

கொலம்பியா அவென்யூவில் சனிக்கிழமை நாலு மணி ஆட்டத்துக்கு வருகிறவர்கள், பாட்டுக் கேட்க வந்தோம் என்று சொல்ல மாட்டார்கள். சண்டை பார்க்க வந்தோம் என்பார்கள். ஒடெஸ்ஸா கிளேபோர்ன் தன் பாரின் வாசலில் தொங்கவிட்டிருந்த பலகையும் அப்படித்தான் இருந்தது. குத்துச்சண்டைக்கு எழுதுவதைப்போல ஒரு பக்கம் ஹோசியா கிரம்ப் என்றும் மறுபக்கம் வெர்டெல் மாஸ்பி என்றும் கொட்டை எழுத்தில் எழுதி, நடுவில் இரண்டு சாக்ஸபோன்கள் ஆட்டுக்கிடாய்கள்போல முட்டிக்கொண்டு நிற்கும்.

பதினொரு வருடமாக அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. இருவருக்கும் டெனர் சாக்ஸபோன். பின்னால் ஆர்கனும் டிரம்ஸும் ஓட, ஒருவன் ஊதிக்கொண்டிருக்கும்போதே மற்றவன் பாட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். கூட்டமும் இரண்டு கட்சி. முடி அலங்காரக் கடைகளில் இருந்து நேரே வரும் பெண்கள் கிரம்ப் கட்சி. இறைச்சிக் கிடங்கு ஆட்கள் மாஸ்பி கட்சி. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வாய்ச்சண்டை நடக்கும். உண்மையில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தார்கள்.

"இந்தாளு ஊதறதக் கேட்டா எங்க ஊர்ல கோவேறு கழுதைங்கள்லாம் வேலைய விட்டுட்டு சொந்தக்காரன் வந்துட்டான்னு ஓடி வரும்" என்பான் வெர்டெல்.

ஹோசியா அவசரப்பட மாட்டான். சீவாளியை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்ப்பான். "மாஸ்பி நல்லாத்தான் ஊதறாரு. பாவம், எப்ப நிறுத்தணும்னு அவங்கம்மா சொல்லித்தர்றதுக்குள்ள வீட்ட விட்டு ஓடியாந்துட்டாரு."

ஹோசியாவுக்குப் பேரும் புகழும் அவனுடைய மூச்சினால் வந்தது. ஒரு சுரத்தைப் பிடித்தான் என்றால், பரிமாறுகிறவள் மூன்று மேசைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவரை விடமாட்டான். முகத்தில் ஒரு நரம்பு புடைக்காது. கூட்டம்தான் மூச்சுத் திணறி "விடுய்யா, செத்துடப் போறோம்" என்று கத்தும். வெர்டெல் வேகக்காரன். அவன் ஊதினால் மேசைமேல் சில்லறையைக் கொட்டினதுபோல இருக்கும்.

மேடையில் இப்படிக் கடித்துக்கொள்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பது அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரியாது. வெர்டெலின் மனைவி அவனை விட்டுக் கிளீவ்லாந்துக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஹோசியாவின் மனைவி லுவீனியா பொரிக்கும் மீனும் அவள் வேகவைக்கும் கீரையும் இல்லாவிட்டால் வெர்டெலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இருந்திருக்காது.

வாசிப்பு மட்டும் வயிற்றுக்குப் போதாது என்பதால் இருவருக்கும் வேறு வேலையும் இருந்தது. வெர்டெல் சலவைக்கடை வேன் ஓட்டினான். ஹோசியா ஆற்றங்கரையில் ஒரு பட்டறையில் கொதிநீர்க் குழாய்களுக்கு வெள்ளைக் கல்நார்ப் பஞ்சு சுற்றினான். யுத்த காலத்தில் சேர்ந்த வேலை. மாலையில் வீடு திரும்பும்போது இமையில்கூட அந்தப் பஞ்சுத்தூள் படிந்திருக்கும். "மாவு மில்லுக்காரனக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சுப்பேன்" என்று லுவீனியா கேலி செய்வாள்.

ஐம்பத்தேழாம் வருடக் குளிர்காலத்தில் ஹோசியாவுக்கு இருமல் வந்தது. கிறிஸ்துமஸ் போய்விட்டது, இருமல் போகவில்லை. சனிக்கிழமைகளுக்கு வராமல் சில வாரம் படுத்திருந்தான். அந்த வாரங்களில் ஒடெஸ்ஸா யார் யாரையோ பிடித்து வெர்டெலோடு மோதவிட்டாள். ஒருவனும் தேறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்டெல் அங்கே சாப்பிடப் போனபோது, ஹோசியா மாடியில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தான். லுவீனியா அடுப்பைப் பார்த்தபடியே தணிந்த குரலில் பேசினாள்.

"டாக்டர் படம் எடுத்துப் பாத்தாரு. நுரையீரல் ரெண்டும் தோல் மாதிரி ஆயிடுச்சாம். இனிமே அது விரியாதாம்."

"மருந்து?"

"இல்லையாம்." மீனைத் திருப்பிப் போட்டாள். "இது உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு. வர்ற சனிக்கிழமை மேடை ஏறியே தீருவேங்கறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ பக்கத்துல நிக்கறவன். பாத்துக்கோ வெர்டெல். அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி அவரு அசிங்கப்பட்டுடக் கூடாது."

மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டு படிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தது.

"பாத்துக்கறேன்" என்றான் வெர்டெல்.

அந்தச் சனிக்கிழமை பாரில் நிற்க இடமில்லை. கிரம்ப் திரும்பிவிட்டான் என்ற செய்தி ரிட்ஜ் அவென்யூவரை போயிருந்தது. ஹோசியா சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். கோட்டு தோளில் தொங்கியது. பெண்கள் கட்சி எழுந்து நின்று கைதட்டியது.

முதல் பாட்டு வேகமானது. வெர்டெல் வழக்கம்போலச் சுரங்களைக் கொட்டிவிட்டு ஒதுங்கினான். ஹோசியா குழலை வாயில் வைத்து நாலு சுரம் ஊதினான். நிறுத்தினான். ஆர்கன் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி இரண்டு சுரம். மறுபடி நிறுத்தம்.

அவனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது, எல்லோருக்கும் தெரியப் போகிறது என்று வெர்டெல் நினைத்தான். யோசிக்கக்கூட நேரமில்லை. குழலைத் தூக்கி, அந்த வெற்றிடத்தில் ஒரு வரியை ஊதி நிரப்பினான். ஹோசியா அடுத்த நாலு சுரத்தை ஊதினான், நின்றான். வெர்டெல் உடனே நிரப்பினான். தடுக்கி விழப்போகிறவனின் முழங்கையைப் பிடித்து நடத்துவதுபோலப் பாட்டு முழுக்க நடத்திக்கொண்டு போனான். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது மட்டுமில்லை, இரண்டு பேரும் வார்த்தைக்கு வார்த்தை பேசிக்கொள்கிறமாதிரி இருக்கவே மேசைகளைத் தட்டியது.

"மாஸ்பி, பெரியவர் தூங்கறாரு, எழுப்பாத" என்று இறைச்சிக் கிடங்கு ஆள் ஒருவன் கத்தினான். பார் குலுங்கிச் சிரித்தது.

இரண்டாவது பாட்டு மெதுவானது. ஹோசியா தொடங்கினான். மூன்று சுரம். நிறுத்திவிட்டு வெர்டெலைப் பார்த்தான். ஒரு கையை லேசாகத் தாழ்த்தினான். அது 'பொறு' என்கிற சைகை. வெர்டெல் அதை 'முடியவில்லை' என்று எடுத்துக்கொண்டான். நுழைந்தான்.

ஹோசியா அதன்பிறகு ஊதவில்லை. சிரித்த முகத்தோடு கழுத்துப் பட்டையின் கொக்கியைக் கழற்றி, குழலைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். தோற்றுவிட்டதாக அவன் நாடகம் ஆடுகிறான் என்று நினைத்துக் கூட்டம் ஓவென்று கத்தியது. பாட்டை முடித்துத்தான் ஆக வேண்டும் என்று வெர்டெல் தனியாக முடித்தான். மாஸ்பி இவ்வளவு நன்றாக வாசித்து நாங்கள் கேட்டதே இல்லை என்று அன்று பலர் சொன்னார்கள்.

ஹோசியா சமையலறைக்குப் பின்புறச் சந்தில் இருந்தான். வெளிச்சம் இன்னும் போகவில்லை. காலி பீர்ப் பெட்டிகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, குனிந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தான். வெர்டெல் அவனைத் தேடிக்கொண்டு வந்தான்.

"பிச்சை போடறதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்றான் ஹோசியா, தலை நிமிராமல்.

"யாருடா பிச்ச போட்டது? நீ தெணறுன. நான் தாங்குனேன். நீ எனக்கு அதச் செய்ய மாட்டியா?"

"தெணறுனேனா?"

"டேய், எனக்குத் தெரியும். நுரையீரல் தோலாப் போச்சுன்னு லுவீனியா சொல்லிட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஹோசியா நிமிர்ந்து பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சிருக்கீங்க" என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "ஆறு வாரம் படுக்கையிலயே படுத்து இத யோசிச்சேன்டா. மூச்சு இவ்வளவுதான் இருக்கு. சரி. இதுல என்ன சொல்லலாம்? எங்க நிறுத்தலாம்? நிறுத்துன எடத்துல என்ன கேக்கும்? அந்த எடத்த நான் விட்டேன். எனக்கு வேணும்னு விட்டேன். நீ பாட்டுக்கு வந்து சேறு அடிச்சு மூடிட்ட."

"ஒருத்தன் விழறப்ப பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"நான் விழலடா. நின்னேன்."

வெர்டெலுக்கு அது புரியவில்லை. புரியாததனாலேயே கோபம் வந்தது. இத்தனை செய்தும் நன்றியில்லை என்று தோன்றியது. "போ. போய் உன் எடத்த நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அந்த ஞாயிறு அவன் ஹோசியா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. ஹோசியாவும் அதன்பிறகு சனிக்கிழமைகளில் பாருக்கு வரவில்லை. யாராவது ஒருவர் முதலில் போயிருந்தால் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். ஹோசியா வரட்டும் என்று வெர்டெல் இருந்தான். லுவீனியாவின் முகத்தில் விழிக்க வெட்கமாகவும் இருந்தது. துணி மூட்டைகளோடு வேனில் அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போனான்.

செர்ரி மரங்கள் பூத்து உதிர்ந்த பிறகு ஒருநாள், பாரின் ஆர்கன்காரன் எல்வுட் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான். ஞாயிறு காலையில் கோயிலிலும் அவன்தான் ஆர்கன் வாசிப்பான் என்பதால் எல்லோரும் அவனைப் 'பாதிரி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சவுத் ஸ்ட்ரீட்ல பேரோவோட மீன்கடை இருக்குல்ல? ஹோசியா அங்க புதன்கிழமை மதியத்துல வாசிக்கிறாரு. டிரம்ஸ் கிடையாது, ஆர்கன் கிடையாது. பாஸ் பிடில் வாசிக்கறவன் ஒருத்தன் மட்டும். கேட்டியா நீ?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"சும்மா சொன்னேன்" என்றான் பாதிரி. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "நான் வாராவாரம் கோயில்ல வாசிக்கிறேன் மாஸ்பி. அங்க கேக்காத ஒண்ணு அந்த மீன்கடைல கேட்டுச்சு."

புதன்கிழமை வெர்டெல் வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனான். மீன்கடையின் பின்பாதியில் ஏழெட்டு மேசை. எண்ணெய் வாடை. வெயில் ஜன்னல் வழியாக விழுந்து தரையில் கிடந்தது. மூலையில் ஹோசியா நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்து வாசித்து வெர்டெல் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆளுயரப் பாஸ் பிடிலைத் தாங்கிக்கொண்டு நரைத்த தலையோடு பாஸ்காரன். கதவோரத்தில் இருந்த தூணுக்குப் பக்கத்தில் வெர்டெல் நின்றுகொண்டான்.

அது அன்றைக்கு வாசித்த அதே மெதுவான பாட்டு. இருவரும் சேர்ந்து நூறு தடவைக்குமேல் வாசித்தது. ஹோசியா மூன்று சுரம் ஊதினான். நிறுத்தினான். பாஸ்காரனும் நரம்பிலிருந்து விரலை எடுத்துவிட்டான். கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அந்த நிறுத்தத்தில், பாட்டின் அடுத்த வரி தன் நெஞ்சுக்குள் தானாக ஓடுவதை வெர்டெல் உணர்ந்தான். ஹோசியா அதை வாசிக்கவில்லை. கேட்கிறவர்களை வாசிக்கவிட்டுவிட்டுக் காத்திருந்தான். அவர்கள் முடிக்கிற இடத்தில், மிகச் சரியாக அந்த இடத்தில், ஒரே ஒரு சுரத்தோடு வந்து சேர்ந்துகொண்டான். அந்த ஒரு சுரம் முன்பு அவன் மூன்று மேசை நேரம் பிடித்த சுரங்களையெல்லாம்விட நீளமாக இருந்தது. முன் மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு தபால்காரர் மடியில் பையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பாரில் அன்று தான் எதன்மேல் ஏறி மிதித்தோம் என்று வெர்டெலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசிப்பு முடிந்து ஆட்கள் போன பிறகு ஹோசியா அவனைப் பார்த்தான். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிக் காட்டினான்.

"மீன் சாப்பிடறியா? லுவீனியா பொரிக்கிற மாதிரி இருக்காது. பேரோ மாவுல உப்ப மறந்துடுவான்."

"ஹோசியா, அன்னிக்கு..."

"கேட்டியா இன்னிக்கு?"

"கேட்டேன்."

"அப்ப விடு."

இருவரும் உப்பில்லாத மீனைச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெர்டெல், "சனிக்கிழமை வா. நான் வாயே தொறக்காம நிக்கிறேன்" என்றான்.

"நீ வாயத் தொறக்காம நிக்கிறதுக்கு எதுக்குடா மேடை? சலவைக்கடையிலயே நிக்கலாமே." ஹோசியா சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நீ கொட்டறத கொட்டு. நான் நிக்கிறப்ப நில்லு. உன்னோட அந்தக் கூச்சலுக்கப்புறம் நிறுத்துனாதான் இன்னும் நல்லாக் கேக்கும். அத நெனச்சுத்தான் அன்னிக்கு வந்தேன்."

மாதக் கடைசிச் சனிக்கிழமை என்று முடிவு செய்தார்கள். ஒடெஸ்ஸாவிடம் சொன்னபோது அவள் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "ரெண்டு கழுதைங்களும் பேச ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள். அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வெர்டெல் வீட்டில் உட்கார்ந்து, பாட்டின் நடுவில் நிறுத்துவதற்குப் பழகினான். வேகம் அவன் கையில் இத்தனை வருடம் தானாக வந்தது, நிறுத்துவது வரவில்லை. நாலு சுரம் ஊதிவிட்டு விரலைக் கட்டிப்போட்டு வைப்பதற்குள் வியர்த்தது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, ஹோசியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வெர்டெல் போனபோது அவன் பிராணவாயு விடுகிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் படுத்திருந்தான். உள்ளே காற்று சீறிக்கொண்டிருந்தது. லுவீனியா பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெர்டெலைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாள்.

"சனிக்கிழமைய தள்ளி வெச்சிடலாம்" என்றான் வெர்டெல்.

ஹோசியா வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நீ போ. ஆள் வந்திருக்கும்."

"நீ இல்லாம என்ன போட்டி?"

"நான் இல்லாமலே... உன்ன ஜெயிக்கலாம்." கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"கழுதைப் பய" என்றான் வெர்டெல். கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பேச வேண்டியது நிறைய இருந்தது. ஹோசியா கண்ணை மூடிவிட்டான். நர்ஸ் வந்து போகச் சொல்லுகிறவரை வெர்டெல் அந்த மணிக்கட்டை விடவில்லை.

சனிக்கிழமை அவன் மேடை ஏறினான். பார் நிறைந்திருந்தது. "கிரம்ப் பயந்துட்டாரா?" என்று ஒருவன் கத்தினான். "உடம்பு சரியில்ல" என்று மட்டும் வெர்டெல் சொன்னான். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு தெரிந்த பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தான். நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹோசியா போய்விட்டான். அடக்கத்தன்று கோயிலில் பாதிரி ஆர்கன் வாசித்தான். லுவீனியா வெர்டெலை வாசிக்கச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவனாக நடந்தான்.

சில ஞாயிறுகள் கழித்து அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். மீன் பொரித்து வைத்திருந்தாள். அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் சாப்பிடத் தொடங்கும்வரை காத்திருந்தாள்.

"என் பேர ஏன் சொன்ன?"

"வாய்ல வந்துடுச்சு."

"ஒரு வாரம் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல அவரு. உனக்குத் தெரியுமா அது? இத்தன வருஷத்துல அப்படி இருந்ததே இல்ல."

வெர்டெல் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். "மன்னிச்சுக்கோன்னு சொல்ல எனக்கு வாயில்ல லுவீனியா."

"சொல்ல வேண்டாம். நான்தானே பாத்துக்கோன்னேன். நீ பாத்துக்கிட்ட." அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை எப்போதோ காய்ந்துவிட்டது. "இன்னொண்ணு சொல்றேன். இத உன்னத் தேத்தறதுக்குச் சொல்லல, குத்தறதுக்கும் சொல்லல. யார்கிட்டயாச்சும் சொல்லணும், அதான். அந்த மீன்கடைல வாசிச்ச மாசங்கள்ல அவரு சந்தோஷமா இருந்தாரு. கல்யாணமான புதுசுலகூட நான் அப்படிப் பாத்ததில்ல. படியேற முடியாது, ராத்திரி படுக்க முடியாது. புதன்கிழமை வந்துட்டா மட்டும் சின்னப் பையன் மாதிரி ஷூவுக்குப் பாலிஷ் போடுவாரு. சனிக்கிழமைங்களுக்கு அப்படிக் கிளம்புனதே இல்ல."

வெர்டெல் தலையாட்டினான். ஹோசியா சந்தோஷமாக இருந்தான் என்பதில் மனம் லேசானது. அந்தச் சந்தோஷத்தில் தனக்குப் பங்கில்லை என்பதில் அதே மனம் கனத்தது. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியவில்லை.

"ஒரு புதன்கிழமை நானும் கேட்டேன்" என்றான்.

"சொன்னாரு. வந்து கதவோரமா ஒளிஞ்சு நின்னான்னாரு."

"வேற என்ன சொன்னான்?"

"எளச்சுப் போயிட்டான்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை கூப்பிடணும்னாரு. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு." அவள் எழுந்து அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அவன் அதையும் சாப்பிட்டான்.

ஒடெஸ்ஸாவிடம் போட்டி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவள் வற்புறுத்தவில்லை. அந்தக் கோடை முழுக்க லுவீனியாவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். சில நாள் பேசுவார்கள், சில நாள் ரேடியோவில் பேஸ்பால் கேட்பார்கள். இலை உதிரத் தொடங்கியபோது அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கையோடு இருப்பதற்காக சவுத் கரோலினாவுக்குக் கிளம்பினாள். வெர்டெல் சலவைக்கடை வேனிலேயே பெட்டிகளை ஏற்றி, அவளை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டான். வண்டி வர நேரமிருந்தது. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்க மீன் நல்லாக் கெடைக்கும்" என்றாள் அவள்.

"ஆத்து மீனா?"

"ஆத்து மீன்தான்."

வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தான். அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். வெர்டெல் வெளியிலிருந்து அதன்மேல் தன் கையை வைத்தான். வண்டி நகர்ந்ததும் கூடவே கொஞ்ச தூரம் நடந்து, பிறகு கையை எடுத்துக்கொண்டான்.